பின்கோடு முதல் நாலு கோடி இலக்கம் வரை: ஒரு பெரிய பகா எண்ணின் உள்ளமைப்பு

கன்னியாகுமரி மாவட்டத்து பின்கோடு 629 என்று தொடங்கும். இந்த 629 ஒரு பகு எண், 17 × 37. பின்னால் வரும் மூன்று இலக்கங்களையும் சேர்த்த ஆறு இலக்க எண் பகா எண்ணா என்று பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. நாகர்கோவில் 629001: இலக்கங்களைக் கூட்டினால் 18, எனவே 9-ஆல் வகுபடும். தக்கலை 629175, மார்த்தாண்டம் 629165 இரண்டும் 5-இல் முடிகின்றன, பேச்சே இல்லை. கன்னியாகுமரி 629702 இரட்டைப்படை. குளச்சல் 629251 மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். ஒற்றைப்படை, 3-ஆல் வகுபடாது, 5-ஆலும் வகுபடாது. 7-ஆல் வகுத்தால் 89893 என்று மீதியில்லாமல் விழுந்துவிடும்.

அப்படியென்றால் 629000-க்கும் 629999-க்கும் நடுவில் பகா எண்களே கிடையாதா? நிறைய உண்டு. இந்த அளவுள்ள எண்களில் சராசரியாக 13-க்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். உங்கள் ஊர் பின்கோடு பகா எண்தானா என்று உறுதிசெய்ய 793 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதற்கு மேற்பட்ட காரணி ஒன்று இருந்தால், அதன் ஜோடி 793-க்குள் இருந்தே ஆக வேண்டும். வகுக்க வேண்டியவை மொத்தம் 138 எண்கள். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை.

2024 அக்டோபரில் அமெரிக்கரான லூக் டுராண்ட் கண்டறிந்த எண்ணுக்கு இந்த வழி எந்தக் காலத்திலும் உதவாது. அந்த எண் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதாவது 2-ஐ 13,62,79,841 தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, கடைசியில் 1-ஐக் கழிக்க வேண்டும். வருவதில் 4,10,24,320 இலக்கங்கள். அதற்கு முந்தைய சாதனை எண் 2018-இல் வந்தது, 2,48,62,048 இலக்கங்கள். புது எண்ணை ஓர் இலக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் என்று ஒரே வரியாகக் கன்னியாகுமரியிலிருந்து எழுதிக்கொண்டு போனால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை எல்லையைக் கடந்து, நெய்யாற்றின்கரையும் தாண்டித் திருவனந்தபுரத்தை நெருங்கிவிடும். 82 கிலோமீட்டர். நொடிக்கு ஓர் இலக்கம் என்று இரவுபகல் பாராமல் வாசித்தாலும் முடிக்க ஏறத்தாழ 475 நாள் ஆகும்.

செய்திகளில் இந்த நீளம்தான் தலைப்பானது. எனக்கு நீளத்தில் பெரிய ஈர்ப்பு இல்லை. நாலு கோடி இலக்கங்களை மனம்போன போக்கில் தட்டினால் யாரும் அதே நீளத்தில் ஓர் எண்ணை உண்டாக்கிவிடலாம். அப்படி வந்த எண்ணைப் பற்றி, கடைசி இலக்கத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒன்றிரண்டு விஷயம் தவிர, பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. டுராண்டின் எண்ணைப் பற்றியோ ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு எவ்வளவோ சொல்ல முடிகிறது. காரணம் அதன் வடிவம்: இரண்டின் அடுக்கு, அதில் ஒன்று குறைவு.

கடைசி மூன்று இலக்கங்களைக் கண்டுபிடித்துக் காட்டுகிறேன். 2-இன் அடுக்குகளை வரிசையாக எழுதினால், 8-இலிருந்து தொடங்கி, கடைசி மூன்று இலக்கங்கள் ஒவ்வொரு 100 அடுக்குக்கும் ஒருமுறை திரும்ப வரும். ஆகவே 13,62,79,841 என்ற அடுக்கில் கடைசி இரண்டு இலக்கமான 41 மட்டுமே நமக்குத் தேவை. 2¹⁰ என்பது 1024, வால் 024. அதை வர்க்கமாக்கினால் 2²⁰-இன் வால் 576. மறுபடி வர்க்கமாக்கினால் 331776, அதாவது 2⁴⁰-இன் வால் 776. இரண்டால் பெருக்கினால் 552. ஒன்றைக் கழித்தால் 551. ஆக, 82 கிலோமீட்டர் எண்ணின் வால் 551.

தலையும் கிடைக்கும். 2-இன் மடக்கை 0.30102999566. இதை அடுக்கால் பெருக்கினால் 4,10,24,319.945 என்று வரும். முழு எண் பகுதியோடு ஒன்றைக் கூட்டினால் இலக்கங்களின் எண்ணிக்கை. தசமப் பகுதியை 10-இன் அடுக்காக வைத்தால் 8.81. எண் 881 என்று தொடங்குகிறது. அப்புறம், எல்லா இலக்கங்களையும் கூட்டி, வந்ததன் இலக்கங்களையும் கூட்டி, ஒற்றை இலக்கம் ஆகும்வரை போனால் 4 கிடைக்கும். நாலு கோடி இலக்கத்தையும் யாரும் கூட்ட வேண்டாம். 2-இன் அடுக்குகளை 9-ஆல் வகுத்தால் மீதி 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறு ஆறாகச் சுற்றிவரும். நம் அடுக்கை 6-ஆல் வகுத்தால் மீதி 5, சுற்றில் ஐந்தாவது இடத்தில் இருப்பது 5, அதில் ஒன்று குறைத்தால் 4.

இரும முறையில் எழுதினால் இந்த எண் இன்னும் எளிது: 1, 1, 1 என்று 13,62,79,841 ஒன்றுகள், வேறொன்றும் இல்லை. இந்த ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் முழு எண்ணும் பகு எண்ணாகிவிடும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆறு ஒன்றுகள் என்றால் 111111, அதாவது 63. அதை 111, 111 என்று இரண்டாக வெட்டலாம் என்பதால் 111-ஆல் வகுபட்டே தீரும். ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. 13,62,79,841 பகா எண்தான்.

ஆனால் அது மட்டும் போதாது. 2, 3, 5, 7 ஆகிய அடுக்குகளுக்கு 3, 7, 31, 127 என்று எல்லாம் பகா எண்ணாகவே வந்துகொண்டிருக்கும். 11-இல் சறுக்கும். 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த இரண்டு காரணிகளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 23 என்பது 2 × 11 + 1. 89 என்பது 8 × 11 + 1. தற்செயல் இல்லை. அடுக்கு ப என்ற ஒற்றைப்படைப் பகா எண் என்றால், 2ᵖ − 1 என்ற எண்ணின் எந்தப் பகாக் காரணியும் ப-வின் ஓர் இரட்டைப்படை மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகவே இருக்கும். ஏனென்றால் அந்தக் காரணியால் 2-இன் அடுக்குகளை வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் ப நீளமுள்ள சுற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தச் சுற்றின் நீளம், காரணியைவிட ஒன்று குறைவான எண்ணைச் சரியாக வகுக்க வேண்டும் என்பது பிரெஞ்சுக் கணிதர் பெர்மா சொல்லிப்போன விதி. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம். 23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1.

இப்போது நம் பெரிய எண்ணுக்கு இதைப் பொருத்துவோம். அடுக்கின் இருமடங்கோடு ஒன்று: 27,25,59,683. எட்டால் வகுத்தால் மீதி 3, தள்ளுபடி. நான்கு மடங்கோடு ஒன்று: 54,51,19,365. மீதி 5, அதுவும் தள்ளுபடி (5-இல் முடிகிறது என்பதாலும் தள்ளுபடி). ஆறு மடங்கோடு ஒன்று: 81,76,79,047. மீதி 7. ஆக, இந்த எண்ணை வகுத்துப் பார்க்கத் தகுதியுள்ள முதல் எண்ணே 81 கோடிக்கு மேலேதான் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள நாலு கோடிக்கும் மேற்பட்ட பகா எண்களில் ஒன்றால்கூட வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. பின்கோட்டுக்கு 138 தடவை வகுக்கச் சொன்ன நாம், இங்கே ஒரு தடவைகூட வகுக்காமல் 81 கோடி வரை வந்துவிட்டோம்.

23 என்ற எண் இந்தக் கதைக்குள் இன்னொரு வாசல் வழியாகவும் வருகிறது, அதுவும் நாகர்கோவில் வழியாக. எஸ். எஸ். பிள்ளை என்று கணித உலகம் அறிந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901-இல் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்தவர். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்குப் போனார். எண் கோட்பாட்டில் வாரிங் கணக்கு என்று பெயர்பெற்ற ஒன்று இருக்கிறது. எந்த எண்ணையும் குறிப்பிட்ட அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத அதிகபட்சம் எத்தனை வேண்டும் என்பது அது. ஆறாம் அடுக்குக்கு விடை 73 என்று பிள்ளை 1940-இல் நிறுவினார். 1950 ஆகஸ்டில், அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார்.

அவர் பெயரில் ஒரு பகா எண் வகையே இருக்கிறது. அதைச் சொல்ல வில்சன் தேற்றம் வேண்டும். ஒரு பகா எண்ணுக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், வருவது அந்தப் பகா எண்ணால் வகுபடும். 5-க்கு 1 × 2 × 3 × 4 = 24, ஒன்று கூட்டினால் 25. பகு எண்களுக்கு இது ஒருபோதும் நடக்காது. அதாவது பகா எண்ணைச் சோதிக்கப் பிழையே இல்லாத முறை, ஆனால் நடைமுறைக்கு உதவாதது. ஆறு இலக்க பின்கோட்டுக்கே ஆறு லட்சம் எண்களைப் பெருக்க வேண்டியிருக்கும். 23-க்கு இந்தப் பெருக்கல் 22 வரை போக வேண்டும். ஆனால் 14-இலேயே நிறுத்தினாலும் விடை சரியாக வந்துவிடுகிறது: 1 முதல் 14 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 23-ஆல் வகுபடும். 15 முதல் 22 வரை உள்ள எட்டு எண்களின் பெருக்கலை 23-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே காரணம். அவை 23-இலிருந்து முறையே 8, 7 என்று 1 வரை குறைந்தவை என்பதால், 1 முதல் 8 வரை பெருக்கி வரும் 40320-ஐ 23-ஆல் வகுத்துப் பார்த்தாலே தெரியும். இப்படி முன்னதாகவே நடக்கிற எண் 14, 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 9. அந்த மீதி 1 ஆகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதற்கு உட்பட்ட பகா எண்களைப் பிள்ளைப் பகா எண்கள் என்கிறார்கள். அவற்றில் மிகச் சிறியது 23. மெர்சென் வரிசையில், அதாவது 2ᵖ − 1 வடிவ எண்களின் வரிசையில், 2047-ஐ உடைத்த அதே 23.

மெர்சென் 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி. எந்த அடுக்குகளுக்கு 2ᵖ − 1 பகா எண் ஆகும் என்று 1644-இல் ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் 67-உம் 257-உம் தவறு, 61, 89, 107 விடுபட்டுவிட்டன. அந்த எண்களுக்கு அவர் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1772-இல் ஆய்லர் 2³¹ − 1 பகா எண் என்று காட்டினார். 2,14,74,83,647. மேலே சொன்ன காரணி விதியை வைத்து வகுக்க வேண்டியவற்றைக் குறைத்துக்கொண்டுதான் அவரும் செய்தார். இந்த எண் இன்று பல கணினிகளுக்குள் ஓர் எல்லைக்கல். 32 இருமங்களில் நேரத்தை நொடிகளாக எண்ணும் பழைய நிரல்கள் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8.44-க்கு இந்தப் பகா எண்ணை எட்டியதும் அதற்குமேல் எண்ண முடியாமல் தடுமாறும்.

வகுத்துப் பார்ப்பதை விட்டு வெளியே வந்தவர் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா. 1876-இல் 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவினார். 39 இலக்கங்கள், 75 ஆண்டு அதை யாரும் மிஞ்சவில்லை. அவர் முறையை லேமர் பிறகு செப்பம் செய்தார். முறை இதுதான்: 4-இல் தொடங்கு. வர்க்கமாக்கி 2-ஐக் கழி. சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை எடு. மறுபடி அதையே செய். அடுக்கில் இரண்டு குறைவான தடவை செய்த பிறகு மீதி சுழியமானால் பகா எண், இல்லையென்றால் பகு எண். 31-க்கு (அடுக்கு 5) மூன்று தடவை: 4, பிறகு 14, பிறகு 194-ஐ 31-ஆல் வகுத்த மீதி 8, பிறகு 64 − 2 = 62, மீதி 0. பகா எண். 2047-க்கு ஒன்பது தடவை செய்தால் கடைசியில் 1736 நிற்கும். சுழியம் இல்லை, பகு எண். 23 × 89 என்பது தெரியாமலேயே இதைச் சொல்லிவிடலாம்.

இந்த முறை நாலு கோடி இலக்க எண்ணுக்கும் ஓடுவதற்குக் காரணம் மறுபடியும் வடிவம்தான். 629001-ஐ 9-ஆல் வகுத்த மீதிக்கு நாம் வகுக்கவில்லை, இலக்கங்களைக் கூட்டினோம். 9 என்பது 10-இல் ஒன்று குறைவு என்பதால் அது செல்லும். அதே வித்தை இங்கேயும் செல்லும். 31 என்பது 2⁵-இல் ஒன்று குறைவு. 194-ஐ இருமத்தில் எழுதினால் 11000010. கடைசி ஐந்தைத் தனியே வெட்டினால் 00010, அதாவது 2. மிச்சம் 110, அதாவது 6. கூட்டினால் 8. வகுத்தலே தேவைப்படவில்லை. மெர்சென் எண்ணால் மீதி காண்பது என்றால் வெட்டிக் கூட்டுவதுதான். வேறு வடிவமுள்ள எண்ணாக இருந்தால் ஒவ்வொரு படியிலும் இந்த வசதி கைநழுவிப் போகும். பெரிய பகா எண்களின் பட்டியலில் முன்வரிசையை மெர்சென் எண்களே பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான். வேறு பெரிய பகா எண்கள் இல்லை என்று பொருளில்லை. அந்த அளவில் சராசரியாக ஒன்பதரைக் கோடி எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். அவற்றைச் சோதிக்க நம்மிடம் இப்படி ஒரு பிடி இல்லை.

1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சியில், தன்னார்வலர்கள் வீட்டுக் கணினிகளில் இந்தச் சோதனைகளை ஓட்டிவந்தார்கள். டுராண்ட் வழியை மாற்றினார். 17 நாடுகளில் பரவிக் கிடந்த தரவு மையங்களின் கிராபிக்ஸ் சிப்புகளை வாடகைக்கு எடுத்தார். டப்ளினில் இருந்த ஒரு சிப் முதலில் 'அநேகமாகப் பகா எண்' என்றது. அமெரிக்காவின் சான் அந்தோனியோவில் இருந்த இன்னொன்று லூக்கா–லேமர் சோதனையை ஓட்டி உறுதிசெய்தது. மொத்தம் 13,62,79,839 தடவை வர்க்கமாக்கி, இரண்டைக் கழித்து, மீதி எடுத்து, கடைசியில் சுழியம்.

இந்தக் கண்டுபிடிப்பு வரும்போதெல்லாம் 'இணையப் பாதுகாப்புக்கு உதவும்' என்று ஒரு வரி செய்திகளில் ஒட்டிக்கொள்கிறது. அது சரியில்லை. இணையத்தில் தகவலைப் பூட்டும் ஆர்எஸ்ஏ என்ற முறையில் பூட்டு செய்ய வேண்டியவை சுமார் 309 இலக்கமுள்ள இரண்டு பகா எண்கள், அவை யாருக்கும் தெரியக்கூடாது. உலகமே அறிந்த எண் அதற்கு ஆகாது. 309 இலக்க அளவில் எழுநூற்றுச் சொச்சம் எண்களுக்கு ஒன்று பகா எண், எனவே கணினி கண்மூடித்தனமாக எடுத்துச் சோதித்தே கண நேரத்தில் கண்டுபிடித்துவிடும். சோதிப்பது எளிது, காரணிகளைப் பிரித்தெடுப்பது கடினம் என்ற இடைவெளிதான் பூட்டின் பலம். 2⁶⁷ − 1 பகு எண் என்று லூக்கா 1876-இலேயே காட்டிவிட்டார். 193707721, 761838257287 என்ற அதன் காரணிகளை 1903-இல்தான் கோல் கண்டுபிடித்தார். சோதிப்பது எந்த வடிவ எண்ணுக்கும் எளிதுதான் என்று 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் நிறுவினார்கள்.

வடிவத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட, ரகசியமே இல்லாத ஒரு பகா எண்ணும் நம் கைப்பேசியில் இருக்கிறது: 2²⁵⁵ − 19. வெறும் 77 இலக்கம். வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டும் முறை இதன்மேல் நிற்கிறது. இரண்டின் அடுக்குக்கு மிக அருகில் இருப்பதால், வெட்டிக் கூட்டும் அதே வித்தை சிறு மாற்றத்தோடு இங்கும் செல்லும். கணக்கு வேகமாக நடக்கும்.

டுராண்டின் எண்ணுக்கு இப்படி அன்றாட வேலை ஒன்றும் கிடையாது. அது கூடவே கொண்டுவந்தது ஒரு செவ்விய எண்ணைத்தான். 6-இன் காரணிகள் 1, 2, 3, கூட்டினால் 6. இப்படித் தன்னைவிடச் சிறிய காரணிகளின் கூட்டலுக்குச் சமமான எண்கள் செவ்விய எண்கள். இரட்டைப்படைச் செவ்விய எண் ஒவ்வொன்றும் ஒரு மெர்சென் பகா எண்ணை, அதற்குரிய 2-இன் அடுக்கைவிட ஓர் அடுக்குக் குறைந்த எண்ணால் பெருக்குவதால் வருவது. புதிதாக வந்திருப்பதில் 8,20,48,640 இலக்கங்கள். அதன் வாலும் கைக்கணக்கில் கிடைக்கும்: 2⁴⁰-இன் வால் 776, பகா எண்ணின் வால் 551, பெருக்கினால் 427576, ஆக 576. ஒற்றைப்படைச் செவ்விய எண் ஒன்று இருக்கிறதா என்பது யூக்ளிட் காலத்துக்குப் பிறகு இன்றுவரை தீரவில்லை.

10 கோடி இலக்கமுள்ள முதல் பகா எண்ணுக்கு எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் பவுண்டேஷன் ஒன்றரை லட்சம் டாலர் பரிசு அறிவித்திருக்கிறது. மெர்சென் எண்களில் அதைத் தேட வேண்டுமென்றால் அடுக்கு 33,21,92,000-ஐத் தாண்ட வேண்டும். 4-இல் தொடங்கி அத்தனை தடவை வர்க்கமாக்கி இரண்டைக் கழிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் 10 கோடி இலக்கத்தில்.